நிறம் மாறும் பொம்மைக்கு நிறம் மாறாத பில் வேண்டும்



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுங்குவார்சத்திரம் வரையிலும், இந்தப் பக்கம் வல்லம், ஒரகடம் வரையிலும் உள்ள ஃபேன்சி ஸ்டோர்களில் இப்போது ஒரு சரக்கு கண்ணில் படுகிறது. உள்ளங்கையில் அடங்கும் யானை, குதிரை, ஆமை, மீன், மயில் பொம்மைகள். நேராகப் பார்த்தால் நீலம். கொஞ்சம் சாய்த்தால் ஊதா. இன்னும் திருப்பினால் பச்சை. ஆலைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்குப் போகும்போது தங்கைக்கு ஒன்று, அக்காள் மகனுக்கு ஒன்று என்று வாங்குகிறார்கள். கார் வைத்திருப்பவர் டேஷ்போர்டில் ஒட்டி வைக்கிறார். கொலு வைக்கும் வீட்டில் வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது சேர்க்க வேண்டும் என்பது வழக்கம். அவர்களும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து வாங்கிப் போகிறார்கள்.

ஒன்று வாங்கியவர் இரண்டாவது கேட்டு வருகிற சரக்கு எது என்று மொத்த வியாபாரி எப்போதும் தேடிக்கொண்டே இருப்பவன். யானை வாங்கியவருக்குக் குதிரை வேண்டும், குதிரை வாங்கியவருக்கு ஆமை வேண்டும். அந்த வகையில் இது நல்ல சரக்கு. இதை விற்க வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. இந்தப் பொம்மை மேல் பூசியிருக்கும் பெயிண்ட் என்ன, அது எங்கே வாங்கியது என்று தெரியாமல் ஒரு டஜன்கூட நம் ரேக்கில் ஏறக் கூடாது என்பதே என் கட்சி. அதைத் தெரிந்துகொண்டு வாங்கப் பழகினால் நம் தலை தப்பும். அதோடு, காஞ்சிபுரத்துப் பொம்மைக்காரர்களுக்கு வருஷம் முழுக்க வேலையும் கிடைக்கும். இரண்டையும் விளக்குகிறேன்.

நிறம் எப்படி மாறுகிறது?

இதை நாம் எல்லோரும் தினமும் கல்லாவில் பார்க்கிறோம். 500 ரூபாய் நோட்டை வாங்கியதும் சாய்த்துப் பார்க்கிறோம் அல்லவா? அதன் பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாக மாறும். 2000ஆம் ஆண்டில் வந்த பழைய 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகளில் நடுவே அச்சிட்ட எண்ணே அப்படி மாறியது. 2016இல் அந்த நோட்டுகள் போய்விட்டாலும் பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும்.

நம் பக்கத்துப் பட்டு வியாபாரிகளுக்கு இது இன்னும் பழைய சங்கதி. பாவு ஒரு நிறம், ஊடு ஒரு நிறம் போட்டு நெய்தால் மடிப்பில் ஒரு நிறமும் விரிப்பில் ஒரு நிறமும் தெரியும். அதைத்தான் மயில் கழுத்துக் கலர் என்று கேட்டு வாங்குகிறார்கள். அங்கே இரண்டு சாயம் இருக்கிறது. இந்தப் பெயிண்டில் சாயமே இல்லை என்று சொல்லலாம். மழை பெய்த ரோட்டில் டீசல் சிந்தினால் வானவில் போலத் தெரிகிறதே, அதே வேலை. மிக மெல்லிய ஒரு படலத்தின் மேல்பக்கத்திலிருந்தும் அடிப்பக்கத்திலிருந்தும் வெளிச்சம் திரும்பி வருகிறது. இரண்டும் சேரும்போது சில நிறம் கூடுகிறது, சில நிறம் அடங்குகிறது. பார்க்கும் கோணம் மாறினால் கூடும் நிறமும் மாறுகிறது. புறாவின் கழுத்திலும், சின்னப் பிள்ளைகள் தீப்பெட்டியில் வைத்து வளர்க்கும் பொன்வண்டின் முதுகிலும் இருப்பது இதே விதிதான்.

பெயிண்டில் இந்தப் படலத்தைத் தாங்குவது பெரும்பாலும் மைக்கா. நம் ஊரில் அதற்குக் காக்காப்பொன் என்று பெயர். காக்காப்பொன்னை மாவு போல மெல்லிய செதிளாக உடைத்து, அதன்மேல் டைட்டானியம் டை ஆக்ஸைடை ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குப் படிய வைக்கிறார்கள். படிவு கனமாகக் கனமாக வெள்ளி, பொன், சிவப்பு, நீலம், பச்சை என்று வரிசையாக நிறம் கிடைக்கும். இதுதான் மார்க்கெட்டில் பேர்ல் பவுடர் என்று விற்பது. இன்னும் விலை கூடியது ஒன்று உண்டு. அதில் மைக்கா இல்லை. உலோகமும் கண்ணாடி போன்ற பொருளும் அடுக்கடுக்காகப் படிய வைத்த செதிள். ஒரு நிறத்திலிருந்து முற்றிலும் வேறு நிறத்துக்குப் போவது அதுதான். 1996இல் அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி முஸ்டாங் காரில் அந்த வகைப் பெயிண்டை அடித்து விற்றது. நம் வியாபாரத்தில் இரண்டையும் சேர்த்துப் பச்சோந்தி பெயிண்ட் என்று சொல்லிவிடுகிறார்கள். விலையில் உள்ள வித்தியாசம் பெரியது. வாங்கும்போது எது என்று கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது ஒன்றும் இதே பெயரில் வந்து கலக்கிறது. வெந்நீரில் முக்கினால் நிறம் மாறும் பொம்மை. அது சூட்டுக்கு மாறும் சாயம். வெயிலில் சில மாதம் இருந்தால் அதன் சக்தி போய்விடும். ஷோகேஸில் வெயில் படும் இடத்தில் வைத்து, பிறகு மாறவில்லை என்று வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்தால் நஷ்டம் நமக்கு. சாய்த்தால் மாறுவது வேறு, சூட்டில் மாறுவது வேறு என்று கடைப்பையன்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

கார் பெயிண்ட் பொம்மைக்கு வேண்டாம்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம் வட்டாரம் கார் வட்டாரம். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் காரும், ஒரகடத்தில் 2010இல் நிஸான்-ரெனால்ட் காரும் வெளிவரத் தொடங்கின. ஏஷியன் பெயிண்ட்ஸ் 2005இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தது. ஆலைகளைச் சுற்றி டிங்கரிங், பெயிண்டிங் ஷெட்டுகள் சாலை நெடுக இருக்கின்றன. அங்கே மிச்சப் பெயிண்ட், தேதி முடிந்த பெயிண்ட், கால் டின், அரை டின் என்று கிடக்கும். அதில் இந்த முத்துப் பளபளப்பு உள்ள பெயிண்டும் இருக்கும். பொம்மையை ஷெட்டில் கொடுத்து அடித்து வாங்கினால் மலிவாக முடியும் என்று யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். என்னிடமும் சொன்னார்கள். பார்வைக்கு அந்தப் பொம்மை மிக அழகாகவே இருக்கும். வாங்கக் கூடாது என்பதற்கு மூன்று காரணம் சொல்கிறேன்.

முதலாவது, அடிப்பவன் உடம்பு. கார் பெயிண்டுக்கு மேல் அடிக்கும் கிளியர் கோட்டில் ஹார்டனர் கலப்பார்கள். அதில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. அந்தப் புகை மூச்சில் போனால் ஆஸ்துமா வரும். ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சிழுக்கும். அதனால்தான் பெரிய ஆலைகளில் மூடிய அறைக்குள் ரோபோ அடிக்கிறது. ஆள் அடிக்க வேண்டிய இடத்தில் வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி கொடுக்கிறார்கள். ஓலைக் கொட்டகையில் முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு ஆயிரம் யானைக் குட்டிக்கு ஸ்பிரே அடிப்பவனுக்கு அந்தப் பாதுகாப்பு ஏது?

இரண்டாவது, வாங்கும் வீட்டுக் குழந்தை. ஈயம் கலந்த பெயிண்ட் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2016ஆம் ஆண்டு விதிப்படி, 2017 நவம்பர் முதல் வீட்டுப் பெயிண்டிலும் அலங்காரப் பெயிண்டிலும் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. டின்னிலேயே அதை அச்சிட வேண்டும். வண்டிக்கும் இயந்திரத்துக்கும் அடிக்கும் தொழிற்சாலைப் பெயிண்டுக்கு அந்த விதி எழுதப்படவில்லை. டின்னில் எழுத்து இல்லாத மிச்சப் பெயிண்டில் என்ன இருக்கிறது என்று யார் சொல்ல முடியும்? பெரியவர்கள் ஷோகேஸில் வைக்கட்டும் என்று நாம் விற்போம். அடுத்த நாள் அது வீட்டுக் குழந்தையின் வாயில் இருக்கும்.

மூன்றாவது, சட்டம். பெயிண்ட் கழிவு, அபாயகரமான கழிவு என்ற பட்டியலில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அதற்கு அனுமதி பெற்ற இடத்துக்கு அனுப்பி அழிக்க வேண்டும். ஆலையிலிருந்து வெளியே கசிந்த டின்னை வாங்கிப் பொம்மைக்கு அடித்தால், அந்தப் பொம்மைக்கு நாம் எந்தப் பில்லைக் காட்டுவது?

வேறு தேசத்தில் நடந்ததையும் பார்ப்போம். 2007 ஆகஸ்டில் மேட்டல் கம்பெனியின் ஃபிஷர்-பிரைஸ் பொம்மைகளில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 9 லட்சத்து 67 ஆயிரம் பொம்மைகளைத் திரும்ப வாங்க வேண்டி வந்தது. அந்தப் பொம்மைகளைச் சீனாவில் ஓர் ஒப்பந்த ஆலை செய்து கொடுத்தது. அந்த ஆலைக்கு வந்த வண்ணப் பொருளில் ஈயம் இருந்தது. பெரிய கம்பெனி, பெரிய பெயர், சோதனைக்கூடம் எல்லாம் இருந்தும், பெயிண்ட் எங்கே வாங்கப்பட்டது என்ற ஒரே இடத்தில் கவனம் தப்பியது. அடுத்த ஆண்டே அமெரிக்கா சட்டம் கொண்டுவந்து, பெயிண்டில் ஈயத்தின் அளவை 600 பங்கிலிருந்து 90 பங்காகக் குறைத்தது. அவ்வளவு பெரிய முதலாளிக்கே அந்தக் கதி என்றால், நாம் எம்மாத்திரம்?

கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கினால் கைகொட்டிச் சிரிப்பார்கள் என்று பெரியவர்கள் சொன்னது இதற்குத்தான் பொருத்தம்.

கடைக்காரர் தலையில் என்ன இருக்கிறது?

பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு உத்தரவு 2020இல் வந்தது. 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கென்று செய்த பொருள் எதுவானாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும். மின்சாரம் இல்லாத பொம்மைக்கு ஐ.எஸ். 9873 என்ற தரம். அதில் ஒரு பகுதி முழுக்கப் பெயிண்டிலிருந்து ஈயம் போன்றவை எவ்வளவு வெளியேறலாம் என்பதைப் பற்றியதுதான்.

இது உற்பத்தியாளருக்கு உள்ள சட்டம், நமக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். தயாரிப்பது மட்டுமல்ல, இறக்குமதி செய்வது, விநியோகிப்பது, இருப்பு வைப்பது, விற்பனைக்கு வைப்பது எல்லாமே 2016ஆம் ஆண்டு பி.ஐ.எஸ். சட்டத்தில் அடங்குகின்றன. அந்தச் சட்டத்தில் முதல் தடவைக்கு 2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம் அல்லது 2 வருஷம்வரை சிறை, இரண்டாம் தடவைக்கு 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம் என்று எழுதப்பட்டது. சரக்கின் மதிப்பைப்போல் பத்து மடங்குவரையிலும் அபராதம் போகலாம் என்றும் இருக்கிறது. 2023 ஜனவரியில் மால்களிலும் விமான நிலையக் கடைகளிலும்கூடச் சோதனை போட்டு ஆயிரக்கணக்கில் பொம்மைகளை எடுத்துப் போனார்கள். பெரிய கடையை விடாதவர்கள் நம்மை விடுவார்களா?

இந்தச் சட்டம் வந்ததற்குக் காரணமும் உண்டு. 2019இல் இந்தியத் தரக் கவுன்சில் எடுத்த சோதனையில் இறக்குமதிப் பொம்மைகளில் மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. பிறகு இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023இல் 70 சதவீதமாகவும் உயர்ந்தது. வெளிநாட்டுச் சரக்கு அருகியதால்தான் உள்ளூர்ச் சரக்குக்கு இடம் வந்திருக்கிறது. அந்த இடத்தை நாமே கெட்ட பெயிண்டைக் கொண்டு நிரப்பினால் அது யாருடைய குற்றம்?

கைவினைஞர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. 2020 டிசம்பரில் உத்தரவைத் திருத்தி, கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர் செய்து விற்கும் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை தேவையில்லை என்று விலக்கு அளித்தார்கள். புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் விலக்கு உண்டு. நல்ல திருத்தம். ஆனால் 'செய்து விற்கும்' என்ற வாசகத்தை நாம் கவனிக்க வேண்டும். கைவினைஞரிடம் நாம் வாங்கி நம் கடையில் விற்றால் அந்த விலக்கு நம்மோடு சேர்ந்து வருமா? அதிகாரிக்கு அதிகாரி ஒரு விளக்கம் சொன்னால் வியாபாரி நடுவில் நசுங்குவான். எழுத்தில் விளக்கம் வேண்டும். அதை ஒரு கடைக்காரர் கேட்டு வாங்க முடியாது. சங்கம் கேட்க வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது இது. நிறம் மாறும் பொம்மையைக் கொலு மற்றும் அலங்காரப் பொருளாக மட்டும் வாங்குங்கள், அப்படியே பில் போடுங்கள், அப்படியே தனி ரேக்கில் வையுங்கள். கிலுகிலுப்பைக்கும் பந்துக்கும் பக்கத்தில் தொங்கவிட்டுவிட்டு, சீட்டில் மட்டும் அலங்காரப் பொருள் என்று எழுதினால் அது செல்லாது. சக்கரம் வைத்தது, சாவி கொடுத்தால் ஓடுவது, கார்ட்டூன் முகம் போட்டது எல்லாம் பார்த்த மாத்திரத்திலேயே விளையாட்டுப் பொம்மை. அவற்றை ஐ.எஸ்.ஐ. இல்லாமல் தொடவே வேண்டாம்.

காஞ்சிபுரம் ஒரு மணி நேரத் தூரம்

குறை சொல்வது சுலபம். வழி என்ன என்று கேட்பீர்கள். வழி பக்கத்திலேயே இருக்கிறது.

காஞ்சிபுரத்தில் அஸ்தகிரி தெருவுக்குப் பொம்மைக்காரத் தெரு என்றே பெயர். களிமண்ணிலும் காகிதக் கூழிலும் தலைமுறை தலைமுறையாகக் கொலுப் பொம்மை செய்கிற குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. அச்சில் எடுத்து, நிழலில் உலர்த்தி, சுட்டு, தேய்த்து, வண்ணம் தீட்டுகிறார்கள். புரட்டாசி நவராத்திரிக்கு முன்னால் கை ஓயாது. நவராத்திரி முடிந்தால் காசு புரளாது, அடுத்த வருஷத்துக்குக் கடன் வாங்கி மண் வாங்க வேண்டும். அவர்களிடம் யானை அச்சு, பசு அச்சு, மயில் அச்சு, மான் அச்சு எல்லாம் இருக்கின்றன. இல்லாதது, தை மாதத்திலும் சித்திரையிலும் ஆர்டர் கொடுக்கும் வியாபாரி.

நிறம் மாறும் பெயிண்டுக்குப் பெரிய எந்திரம் ஒன்றும் வேண்டாம். பேர்ல் பவுடரைத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கில் கலந்து பிரஷ்ஷால் தீட்டலாம். மைக்கா, டைட்டானியம் டை ஆக்ஸைடு இரண்டும் தம்மளவில் சாதுவான பொருள்கள். உதட்டுச் சாயத்திலும் முகப்பூச்சிலும் சேர்ப்பவைதான். பொடியைக் கலக்கும்போது மட்டும் தூசு மூச்சில் போகாமல் முகக்கவசம் போட வேண்டும்.

தொழில் நுணுக்கம் ஒன்று இருக்கிறது, அதை வியாபாரியும் தெரிந்திருக்க வேண்டும். கொலுப் பொம்மைக்கு வழக்கமாக முதலில் வெள்ளை அடிப்பார்கள். வெள்ளைமேல் இந்தப் பவுடரைப் பூசினால் லேசான மினுமினுப்போடு நின்றுவிடும். கீழே கறுப்பு அடிக்க வேண்டும். படலத்திலிருந்து திரும்பாத வெளிச்சத்தைக் கறுப்பு விழுங்கிவிடுவதால் நிறம் துலங்கும். அடுத்து, மெல்லியதாக இரண்டு மூன்று கோட் அடிக்க வேண்டும், ஒவ்வொன்றும் காய வேண்டும். ஒரே கோட்டில் கனமாக அடித்தால் செதிள்கள் ஒன்றன்மேல் ஒன்று தாறுமாறாக விழுந்து சாம்பல் நிறமாகத் தெரியும். மண் சரியாகக் காயாமல் அடித்தால் கொப்புளம் கிளம்பும். கடைசியில் வார்னிஷ். கண்ணையும் நெற்றிப்பட்டத்தையும் சாதாரண வண்ணத்திலேயே எழுத வேண்டும். எல்லாமே மின்னினால் முகமே தெரியாது.

எந்த மிருகத்துக்கு எடுக்கும் என்பதும் முக்கியம். வளைவு உள்ள உடம்புக்குத்தான் நிறம் ஓடும். மயில், மீன், பாம்பு, புறா, ஆமை ஓடு, யானையின் மத்தகம் ஆகியவற்றுக்கு நன்றாக இருக்கும். தட்டையான பொம்மைக்கு வீண் செலவு. கிருஷ்ணர் செட்டில் வரும் பசுவை ஊதாவாக்கிக் கொடுத்தால் கொலு வைக்கும் மாமிகள் வாங்க மாட்டார்கள். அது வெள்ளையாகவே இருக்கட்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். உள்ளங்கை அளவு பொம்மை ஒன்றுக்குப் பவுடர் ஒரு கிராமுக்கும் குறைவாகத்தான் போகும். ஆகவே பொருள் செலவு பயப்படும் அளவு இல்லை. கூலிதான் செலவு. சாதாரணப் பொம்மையை ஒரு தடவை கையில் எடுத்து முடிப்பவர், இதை நாலைந்து தடவை கையில் எடுக்க வேண்டும். கணக்குக்காகச் சாதாரண யானைக்கு வண்ணக் கூலி 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இதற்கும் 10 ரூபாய்தான் தருவேன் என்று நாம் நின்றால் அவர் என்ன செய்வார்? மூன்று கோட்டை ஒரு கோட்டாக்குவார். இல்லையென்றால் ஷெட்டுக்குக் கொண்டுபோய் ஸ்பிரே அடித்து வந்து தருவார். கெட்ட பெயிண்ட் நம் கடைக்குள் நுழைகிற வாசல் அதுதான். அந்த வாசலைத் திறப்பது நம் பேரம். அதே யானைக்கு 25 ரூபாய் கூலி கொடுத்தால் விற்பனை விலையில் 20, 30 ரூபாய் கூடும். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்ட வாடிக்கையாளர் அந்த 30 ரூபாய்க்காகக் கீழே வைத்துவிட்டுப் போக மாட்டார்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

சில்லறைக் கடைக்காரர்களுக்கு நாம்தான் சரக்குத் தருகிறோம். அவர்கள் நம் வார்த்தையை நம்பி வாங்குகிறார்கள். ஆகவே கேள்விகளை நாம் கேட்க வேண்டும்.

1. பவுடரும் பெயிண்டும் வாங்கிய பில்லின் நகல். ஒவ்வொரு லாட்டுக்கும் வேண்டும்.

2. பெயிண்ட் டின்னில் ஈயம் 90 பங்குக்கு மேல் இல்லை என்ற எழுத்து. டின் இல்லை, பாட்டிலில் ஊற்றி வாங்கினேன் என்றால் அந்தச் சரக்கு வேண்டாம்.

3. ஸ்பிரேயா, பிரஷ்ஷா? ஸ்பிரே என்றால் எந்த இடத்தில், எந்தப் பெயிண்ட்? மூக்கருகே கொண்டுபோனால் தின்னர் வாடை அடிக்கும் பொம்மையைத் திருப்பி அனுப்புங்கள்.

4. செய்தவரிடம் கைவினைஞர் அட்டை இருக்கிறதா? இல்லையென்றால் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். படிவம் நிரப்ப நம் கடைக் கணக்குப்பிள்ளை அரை மணி நேரம் உதவினால் ஒன்றும் குறைந்துவிடாது.

5. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத கைவினைஞராக இருந்தாலும் கொள்முதல் சீட்டு எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். எப்போது, யாரிடம், எத்தனை என்பது காகிதத்தில் இருக்கட்டும்.

6. பவுடர் கம்பெனியிடம் மைக்கா எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடி பக்கங்களில் கைவிடப்பட்ட சுரங்கங்களில் குழந்தைகள் மைக்கா பொறுக்குவதும் மண் சரிந்து சாவதும் 2016இல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. 2017இல் பெரிய கம்பெனிகள் சேர்ந்து இதற்கென்று ஓர் அமைப்பே தொடங்கின. செயற்கை மைக்காவில் செய்த பவுடரும் கிடைக்கிறது. ஒரு குழந்தை விளையாட இன்னொரு குழந்தை குழிக்குள் இறங்குவது நமக்கு வேண்டாத பாவம்.

விற்கும் இடத்துக்கும் ஒரு யோசனை. டியூப்லைட் வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவி விழுவதால் இந்தப் பொம்மையின் நிறம் எடுபடாது. மேலே ஒரு சின்ன ஸ்பாட் லைட், கீழே சுழலும் தட்டு வைத்தால் போதும். பொம்மை தானே விற்றுக்கொள்ளும். பழைய செய்தித்தாளில் சுற்றி அனுப்பாதீர்கள். உரசலில் வார்னிஷ் மங்கும். மெல்லிய டிஷ்யூ தாளில் சுற்றுங்கள்.

எதிர்வாதம்

இதற்கெல்லாம் மூன்று பதில் வரும் என்று எனக்குத் தெரியும். வாடிக்கையாளர் யாரும் இதைக் கேட்பதில்லையே என்பது ஒன்று. உண்மைதான். வாடிக்கையாளர் பருப்பு வாங்கும்போதும் கல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பதில்லை. கடைக்காரர் பார்த்திருப்பார் என்று நம்பி வாங்குகிறார். அந்த நம்பிக்கைக்குத்தான் நாம் லாபம் வாங்குகிறோம்.

நான் வாங்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரர் வாங்குவார் என்பது இன்னொன்று. அதற்குத்தானே சங்கம்? ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், படப்பை வட்டாரத்தில் பத்து மொத்த வியாபாரிகள் ஒரே மாதிரி பில் கேட்டால், பில் இல்லாத சரக்கு இந்தப் பக்கம் வராது.

மூன்றாவது, சின்னப் பொம்மைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்பது. சரக்கு சின்னதுதான். அபராதம் பெரியது. குழந்தையின் உடம்பு அதைவிடப் பெரியது.

சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். கைவினைஞர் விலக்கு, வாங்கி விற்கும் வியாபாரிக்கும் பொருந்துமா என்று பி.ஐ.எஸ். அலுவலகத்துக்கு எழுதி, வரும் பதிலை இந்த இதழிலேயே அச்சிட வேண்டும். நவராத்திரி முடிந்த கையோடு காஞ்சிபுரம் பொம்மைக்காரர்களைக் கூட்டி, கறுப்பு அடித்துப் பேர்ல் தீட்டும் பயிற்சிக்கு ஒரு நாள் ஏற்பாடு செய்ய வேண்டும். இங்கே பெயிண்ட் கம்பெனிகளுக்கா பஞ்சம்? கேட்டால் ஒரு ஆளை அனுப்ப மாட்டார்களா? மூன்றாவதாக, மே 5 வணிகர் தினத்துக்குள் உறுப்பினர்களிடம் சிறு ஆர்டர்களைச் சேர்த்து ஒரே பெரிய ஆர்டராகக் கொடுக்க வேண்டும். தனித்தனியாக ஐம்பது, நூறு என்று கேட்டால் அவர்களுக்குக் கட்டாது. சேர்த்துக் கொடுத்து, கால் பங்கு முன்பணமும் கொடுத்தால் அவர்கள் கடன்காரரிடம் போக வேண்டியதில்லை.

பொம்மையின் நிறம் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறட்டும். அதை வாங்கிய பில்லில் உள்ள எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். அடுத்த கொள்முதலுக்குப் போகும்போது மேலே சொன்ன ஆறு கேள்விகளையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள்.